ஒரே ஜனவரி, நாலு விதமான பனி: இந்தியாவின் குளிர்காலம் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது?

2023 டிசம்பர் 18 காலை. காயல்பட்டினத்தில் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையின் அளவு 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைக்கிற மழையைவிட அதிகம், ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் டெல்லியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம், விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அதே 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சரிவுகள் பழுப்பு நிறப் புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. பனி பார்க்கப் போனவர்கள் காய்ந்த புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

மழை பெய்யக் கூடாத அளவுக்குப் பெய்தது ஓரிடத்தில், விழ வேண்டிய பனி விழாமல் போனது இன்னோரிடத்தில், நடுவில் சூரியனே தெரியாத சமவெளி. மூன்றும் ஒரே குளிர்காலத்தின் செய்திகள்.

வடக்கே குளிரும் தெற்கே குளிராது, இதில் விளக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சரி, மும்பையையும் தெலங்கானாவின் ஆதிலாபாத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 19 டிகிரி வடக்கும் சொச்சமும். ஆதிலாபாத் ஒன்றும் மலை உச்சியில் இல்லை, கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூடக் கிடையாது. ஆனாலும் ஜனவரி இரவுகளில் மும்பை 17 டிகிரியில் இருக்கும்போது ஆதிலாபாத் பல நாள் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். வடக்கு தெற்குக் கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

முதலில் ‘பனி’ என்ற சொல்லைப் பிரித்துவிடுவோம்

நமக்கு முதல் சிக்கல் தமிழிலேயே இருக்கிறது. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் பார்த்த பனி, புல் மேல் நிற்கிற பனித்துளியும் காலை மூட்டமும்தான். அதனால் வானத்திலிருந்து வெள்ளையாக விழுகிற பொருளுக்கும் நாம் அதே சொல்லைக் கொடுத்துவிட்டோம். விளைவு என்னவென்றால், சேலம் நெடுஞ்சாலையில் லாரிகள் காலை ஏழு மணிக்கு முகப்பு விளக்கு எரியவிட்டுப் போனாலும் ‘கடும் பனிப்பொழிவு’, சிம்லாவில் கார் புதைந்தாலும் ‘கடும் பனிப்பொழிவு’. சேலத்தில் நடந்தது பொழிவே கிடையாது. ‘பனி’ என்று நாம் சொல்கிற நான்கையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

1. பனித்துளி: இரவில் தரை, இலை, வண்டியின் சீட்டு எல்லாம் வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடும். அவற்றைத் தொடுகிற காற்றிலுள்ள ஈரம் அப்படியே நீராக ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்புக்கு வெளியே வேர்க்கிறதே, அதே கதைதான்.

2. மூடுபனி: தரையை ஒட்டியுள்ள காற்றே குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மிக நுண்ணிய நீர்த்துளிகளாகி மிதப்பது. தரையில் இறங்கி உட்கார்ந்த மேகம் என்றே சொல்லலாம். ஒரு கிலோமீட்டருக்குள் பார்வை மறைந்தால்தான் அது மூடுபனி. 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர் மூடுபனி, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர் மூடுபனி என்பது இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கு.

3. உறைபனி: தரையும் புல்லும் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போகும்போது காற்றிலுள்ள ஈரம் நேரடியாகப் பனிக்கட்டிப் படிகமாகப் படிவது. ஊட்டியில் நடப்பது இது. மேலிருந்து எதுவும் விழுவதில்லை.

4. பனிப்பொழிவு: உயரத்தில் மேகத்துக்குள் உருவான பனிப் படிகங்கள் வழியில் உருகாமல் தரைக்கு வந்து சேர்வது. இதற்கு மேகம் வேண்டும். மற்ற மூன்றும் பெரும்பாலும் மேகம் இல்லாத இரவுகளில்தான் நடக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதோடு செய்திகளில் அடிபடுகிற இன்னும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. குளிர் அலை என்பது இரவுக் குளிரைப் பற்றியது: சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே வந்து, வழக்கத்தைவிட 4.5 டிகிரிக்கு மேல் குறைந்திருந்தால் குளிர் அலை. 4 டிகிரிக்கு வந்துவிட்டால் வழக்கம் என்ன என்று பார்ப்பதே இல்லை, நேரடியாக அறிவித்துவிடுவார்கள். கடலோர ஊர்களுக்கு இந்த வரம்பு 15 டிகிரி. அதாவது சென்னையில் 14 டிகிரி வந்தால் அது செய்தி, டெல்லியில் 14 டிகிரி வந்தால் ஜனவரியில் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். குளிர் நாள் என்பது பகலைப் பற்றியது. அதிகபட்ச வெப்பநிலை வழக்கத்தைவிட 4.5 டிகிரி அளவுக்குக் குறைந்து, இரவும் 10 டிகிரிக்குள் இருந்தால் குளிர் நாள். குளிர் அலையும் குளிர் நாளும் ஒன்று என்று நினைத்துக்கொள்வது மிகப் பெரிய குழப்பம். பல சமயம் ஒன்று வந்தால் மற்றது வராது, ஏன் என்று டெல்லியைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

ஓர் ஊரின் குளிரைத் தீர்மானிப்பவை

1. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது. டிசம்பர் 22 நண்பகலில் கன்னியாகுமரியில் சூரியன் தொடுவானிலிருந்து ஏறக்குறைய 58 டிகிரி உயரத்தில் இருக்கும். சென்னையில் 53, டெல்லியில் 38, லடாக்கின் லே ஊரில் 32. சாய்ந்து விழுகிற வெயில் பரந்து விழுவதால் சூடு குறைவு, பகலும் சின்னது: அன்றைக்கு டெல்லிக்குச் சென்னையைவிட ஒரு மணி நேரப் பகல் குறைவு.

2. உயரம். மேலே போகப் போக ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், ஆக 14 டிகிரிக்கும் மேல் கழித்துக்கொள்ள வேண்டும். பெங்களூரு 920 மீட்டர், அங்கே மாலையில் போர்வை தேடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

3. கடல் எவ்வளவு தூரம். தண்ணீர் சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். ஜனவரியிலும் தெற்கு வங்கக் கடலின் மேற்பரப்பு 26, 27 டிகிரியில்தான் இருக்கிறது. பக்கத்தில் அவ்வளவு பெரிய வெந்நீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு சென்னை எப்படிக் குளிரும்? மணலும் வறண்ட காற்றும் நேர்மாறு. ராஜஸ்தானின் சூரு 2019 ஜூனில் 50 டிகிரியைத் தாண்டியது. அதே ஊர் குளிர்காலத்தில் சில இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்.

4. காற்று எங்கிருந்து வருகிறது. ஆதிலாபாத்துக்கும் மும்பைக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவதிலும் இதிலும் இருக்கிறது. வடக்கிலிருந்து இறங்குகிற வறண்ட குளிர்காற்று மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தின் விதர்பா வழியாகத் தெலங்கானா வரைக்கும் தங்குதடையில்லாமல் வந்துவிடும்; நடுவில் இருக்கிற விந்திய, சாத்பூரா மலைகளுக்கு அதை நிறுத்துகிற உயரம் கிடையாது. மும்பைக்குக் கடல் காவல் நிற்கிறது.

இந்த நான்காவதுதான் என் பார்வையில் மற்ற மூன்றையும்விட முக்கியம். முதல் மூன்றும் வருடா வருடம் மாறுவதில்லை. குல்மார்க் போன வருடம் இருந்த உயரத்தில்தான் இந்த வருடமும் இருக்கிறது. ஒரு குளிர்காலம் இன்னொன்றைப் போல இல்லாமல் போவது காற்றால்.

கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று

குளிர்ந்த காற்று கனம் அதிகம், தரையோடு அமுங்கி நிற்கும். குளிர்காலத்தில் வடமேற்கு இந்தியா சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் காற்றழுத்தம் கூடுகிறது. வங்கக் கடல் பக்கம் அழுத்தம் குறைவு. காற்று வடமேற்கிலிருந்து கிளம்பி கங்கைச் சமவெளி வழியாக மெல்ல இறங்கி, கடலுக்கு மேல் வளைந்து, தமிழ்நாட்டுக் கரைக்கு வடகிழக்கிலிருந்து வந்து சேர்கிறது. டெல்லிக்காரருக்கு உதட்டைப் பிளக்கிற வறண்ட வடமேற்குக் காற்றாக இருப்பது, கடலைக் கடக்கும்போது ஈரத்தைக் குடித்துவிட்டு நமக்கு வடகிழக்குப் பருவமழையாக வருகிறது.

இமயமலை இங்கே ஒரு பெரிய வேலை செய்கிறது. மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் தேங்குகிற கடுங்குளிர் காற்று நேராகத் தெற்கே இறங்காமல் அது சுவர் மாதிரி தடுக்கிறது. அந்தச் சுவர் இல்லையென்றால் டெல்லியின் 7 டிகிரி சராசரி இரவெல்லாம் கதைக்கே ஆகாது.

அப்புறம் மேலே உள்ள காற்று. சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்று ஒன்று ஓடுகிறது. கோடையில் இமயத்துக்கு வடக்கே இருக்கும் அது குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வட இந்தியாவுக்கு நேர் மேலே வந்துவிடும். அந்த ஓட்டத்தில் மிதந்து வருபவைதான் ‘மேற்கத்திய இடையூறுகள்’. மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக நம் பக்கம் வருகிற காற்றழுத்தச் சுழல்கள் இவை. நல்ல குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து வரும்.

இவை வந்தால் என்ன ஆகும்?

1. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலைகளில் மேகம் ஏறிப் பனி விழும். குளிர்காலத்தில் அங்கே விழுகிற பனியில் பெரும்பகுதி இவற்றால் வருவதுதான்.

2. சமவெளியில் லேசான மழை. ராஜஸ்தானில் இதை ‘மாவட்’ என்பார்கள். அளவில் கொஞ்சம்தான், நம் ஊர் ஐப்பசி மழையோடு ஒப்பிட்டால் தூறல். ஆனால் கோதுமையும் கடுகும் நிலத்தில் நிற்கிற நேரத்தில் வருவதால் விவசாயிக்கு அந்தத் தூறலே பொன்.

3. மேகம் இருக்கும் நாட்களில் இரவு அவ்வளவு குளிராது, போர்வை போர்த்தியது போல இருக்கும். அது கிழக்கே நகர்ந்ததும் வானம் பளிச்சென்று திறந்து, புதிதாகப் பனி விழுந்த மலைகளிலிருந்து வடமேற்குக் காற்று இறங்கும். குளிர் அலை அப்போதுதான் வரும். சிம்லாவில் பனி விழுந்த செய்தி வந்த இரண்டாம் நாள் டெல்லி நடுங்குவது இதனால்தான்.

காஷ்மீர்: நாற்பது நாள் கணக்கு

காஷ்மீரிகள் குளிர்காலத்தை நாட்களால் எண்ணி வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் ‘சில்லை கலான்’, பெரிய குளிர். அடுத்த இருபது நாள் ‘சில்லை குர்த்’, சின்னக் குளிர். கடைசிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’, குட்டிக் குளிர். நாற்பது நாளில் டால் ஏரியின் ஓரங்கள் உறையும், காலையில் குழாயைத் திருகினால் காற்றுகூட வராது, காகிதத்தைக் கொளுத்திக் குழாயைச் சுற்றிக் காட்டி உருக்குவார்கள். பிரம்பு மாதிரி பின்னிய கூடைக்குள் மண்சட்டி, அதில் நெருப்புத் தணல், அதுதான் காங்கிரி. ஃபெரன் என்கிற தொளதொள நீள அங்கிக்குள் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்; ஒரு கை எப்போதும் சட்டைக்குள் இருப்பது அதனால்.

ஆனால் மேகம் இல்லையென்றால் பனி இல்லை என்று மேலே பார்த்தோம். மேற்கத்திய இடையூறுகள் வராத வருடத்தில் காஷ்மீரின் இரவுகள் இன்னும் மோசமாகக் குளிரும், பகலோ வழக்கத்தைவிட வெயிலாக இருக்கும், நிலமோ காய்ந்து கிடக்கும். 2024 ஜனவரியில் நடந்தது அதுதான். குளிர் இருந்தது, பனி இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தவர்களுக்குத்தான் அது புதிர்.

டெல்லி: சூரியனைத் தொலைத்த சமவெளி

மூடுபனி எப்படி உருவாகிறது என்பதை ஓர் இரவை எடுத்துப் பார்ப்பது நல்லது. டெல்லிக்கு வடக்கே கர்னால் பக்கம் ஒரு கோதுமை வயல் என்று வையுங்கள். நவம்பரில் விதைத்து, டிசம்பரில் முதல் தண்ணீர் பாய்ச்சியாயிற்று, மண் ஈரமாக இருக்கிறது.

மாலை ஐந்தரைக்குச் சூரியன் மறைகிறது. வானத்தில் மேகம் இல்லை, காற்று அசையவில்லை. தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. தரையைத் தொடுகிற காற்று முதலில் குளிர்கிறது, அதற்கு மேலே இருக்கிற காற்று இன்னும் கொஞ்சம் சூடாகவே இருக்கிறது. வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டும், இங்கே தலைகீழ். கனமான குளிர்காற்று கீழே, லேசான சூட்டுக் காற்று மேலே என்றால் இரண்டும் கலக்காது. பானைக்கு மூடி போட்டது மாதிரி ஆகிவிடும். மண்ணிலிருந்து கிளம்புகிற ஈரம், வண்டிப் புகை, செங்கல் சூளைப் புகை, குளிர் காய எரிக்கிற குப்பையின் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே மாட்டிக்கொள்ளும். நள்ளிரவுக்கு மேல் ஈரம் துளியாக மாறப் பார்க்கிறது, துளியாவதற்கு ஒட்டிக்கொள்ள ஒரு தூசு வேண்டும், தூசுக்கா அங்கே பஞ்சம்? ஒவ்வொரு புகைத் துகளும் ஒரு துளியாகிறது. விடியும்போது வயல், சாலை, ரயில்பாதை எல்லாம் வெள்ளைக்குள்.

இது கர்னாலோடு நிற்பதில்லை. பாகிஸ்தானின் பஞ்சாபில் தொடங்கி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் வழியாக வங்கம் வரைக்கும் இமயத்தின் காலடியில் ஒரே வெள்ளைப் பட்டையாகச் செயற்கைக்கோள் படத்தில் தெரியும். அந்தப் பட்டையில் டெல்லிக்கு மேலே சில சமயம் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். நகரத்தின் சொந்தச் சூடு அங்கே மட்டும் மூடுபனியைக் கரைத்திருக்கும், சுற்றிலும் வயல்வெளிகள் மூடியே கிடக்கும்.

இப்போது குளிர் நாள் விஷயத்துக்கு வரலாம். மூடுபனி மேலே கொஞ்சம் தூக்கி நின்றால்கூடப் பகல் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தரை சூடாகாது, தரை சூடாகாததால் மூடியும் உடையாது, மூடி உடையாததால் மூடுபனியும் போகாது. காலை 8 டிகிரி, மதியம் இரண்டு மணிக்கு 13 டிகிரி. இரவில் அதே மூடுபனி போர்வையாகி வெப்பநிலையை ரொம்பக் கீழே விடாது, ஆகவே குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். இது குளிர் நாள். வானம் திறந்து வடமேற்குக் காற்று வீசும்போது நிலைமை மாறும்: இரவு 3, 4 டிகிரி, ஆனால் பகலில் 20 டிகிரி வரை ஏறிச் சுகமான வெயில். இது குளிர் அலை. டெல்லியில் குளிர்காலம் கழித்த யாரைக் கேட்டாலும் முதல் வகைதான் கொடுமை என்பார்கள், ஏனென்றால் உடம்பும் துணியும் சுவரும் காய்வதற்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. கோடையை நினைத்துக் கட்டிய வீடுகள் வேறு. மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்றால் 45 டிகிரி மே மாதத்துக்குச் செய்த ஏற்பாடு ஜனவரியில் காலைக் கடிக்கும்.

தெற்கே: குளிர்காலத்தின் முன்பாதி மழைக்காலம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. வடக்கே வானிலைக்காரர்கள் குளிர்காலக் கணக்கை எழுதத் தொடங்கும்போது நாம் ஏரி உடையுமா என்று பார்த்துக்கொண்டிருப்போம். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்று ஒவ்வொன்றாக வங்கக் கடலில் கிளம்புகிற நேரம் அது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது என்னவோ ஆந்திராவில், நனைத்து மூழ்கடித்தது சென்னையை.

காயல்பட்டினத்து மழைக்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை. ‘குமரிக்கடல் மற்றும் அதனை ஒட்டிய பகுதிகளில் நிலவும் வளிமண்டல கீழடுக்குச் சுழற்சி’ என்று வானிலை அறிக்கையில் ஒரு வாக்கியம் வருமே, கேட்டுக் கேட்டு நமக்குக் காதே மரத்துப்போன வாக்கியம், அதுதான். அந்தச் சுழற்சி நகராமல் நின்றது, கிழக்கிலிருந்து கடலின் ஈரம் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தது. பெயர் வைத்த புயலுக்குக் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியாவது இந்த வாக்கியத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று அந்த ஒரு நாளுக்குப் பிறகாவது தோன்றியிருக்க வேண்டும்.

ஜனவரி நடுவில் மழை விடும். வானம் தெளிந்து, காற்று அடங்கி, இரவுகள் நீண்டிருக்கும். இந்த மூன்றும்தான் பனித்துளிக்கும் மூடுபனிக்கும் வேண்டிய சரக்கு என்று மேலே பார்த்தோம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழி மழை நின்ற பிறகு வரும் இந்தத் தெளிந்த இரவுகளைப் பற்றியது. போகி அன்று விடியற்காலையில் சென்னையில் பழைய பாயையும் டயரையும் கொளுத்துகிற புகை இந்த மூடிக்குக் கீழே மாட்டி, விமானங்களைத் தாமதப்படுத்திய வருடங்கள் உண்டு. அந்தச் சில மணி நேரத்துக்குச் சென்னையும் ஒரு குட்டி டெல்லிதான். வித்தியாசம், ஒன்பது மணிக்கு வெயிலும் கடல்காற்றும் வந்து மூடியைத் தூக்கி எறிந்துவிடும்.

கேரளத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதே வடகிழக்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்குகிற காற்று அமுங்கும், அமுங்கினால் சூடேறும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி. மேகமும் இல்லை, மழையும் இல்லை. நாட்டிலேயே இன்று அதிக வெயில் எங்கே என்று ஜனவரியில் பார்த்தால் கண்ணூர், புனலூர், கோட்டயம் பெயர்கள் அடிக்கடி வரும். கேதார்நாத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கிற அதே மதியம் கண்ணூரில் 34, 35 டிகிரி.

மேகாலயாவின் சோராவையும் இங்கே ஒரு வரி சொல்லிவிடலாம். சிரபுஞ்சி என்று நாம் பள்ளியில் படித்த ஊர். வருடத்துக்குப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே தண்ணீருக்கு அலைவார்கள். பெய்ததெல்லாம் தென்மேற்குக் காற்று கொண்டுவந்தது, இப்போது காற்று எதிர்ப்பக்கமிருந்து வருகிறது.

ஊட்டியின் உறைபனி: பள்ளத்தில்தான் குளிர் அதிகம்

ஊட்டி உயரமான ஊர், அதனால் உறைபனி, என்பது பாதி விளக்கம். உயரம்தான் காரணம் என்றால் மேட்டில் அதிகமாகவும் பள்ளத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களின் தாழ்வான புல்வெளிகளில்தான் முதலில் வெள்ளை படிகிறது, மேலே சரிவிலுள்ள தோட்டங்கள் பல நாள் தப்பிவிடும். சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்தால் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்குவதுதான் காரணம். வெப்பமானி கண் உயரத்தில் 2 டிகிரி காட்டும்போது புல் நுனியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்.

தேயிலைக்கு இது தீக்காயம் மாதிரி. இலைக்குள் இருக்கிற நீர் உறைந்து செல்கள் உடைந்துவிடும், காலை வெயில் பட்டதும் கொழுந்து கருகிச் செம்பட்டையாகும். அதனால்தான் நாற்றுகளுக்கு மேலே காய்ந்த புல்லையும் செடிக் கொத்துகளையும் போர்த்தி வைக்கிறார்கள், சில இடங்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுகிறார்கள். மேகம் வந்த இரவு தோட்டக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். காஷ்மீரில் பனி வேண்டும் என்று மேகத்துக்கு ஏங்குகிறார்கள், நீலகிரியில் பனி வேண்டாம் என்று அதே மேகத்துக்கு ஏங்குகிறார்கள்.

மறுபடி 2023–24: மூன்று செய்தியும் எங்கே இணைகின்றன

அந்தக் குளிர்காலத்தில் பசிபிக் பெருங்கடலில் எல் நினோ, அதாவது கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகிப்போகிற நிலை, வலுவாக இருந்தது. தென்மேற்குப் பருவமழைக்கு எல் நினோ ஆகாது, ஆனால் வடகிழக்குப் பருவமழைக்குப் பொதுவாக அது கைகொடுக்கும் பக்கம்தான் நிற்கிறது. வடக்கேயோ டிசம்பரும் ஜனவரியும் போய்க்கொண்டிருந்தன, வலுவான மேற்கத்திய இடையூறு ஒன்றும் மலைக்கு வரவில்லை. ஜெட் காற்றோட்டமோ வட இந்தியாவுக்கு மேலே மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் நீடித்தது; அதன் கீழே குளிர்ந்த காற்று அமுங்கிக்கொண்டே இருந்தது.

இங்கேதான் குல்மார்க்கும் டெல்லியும் ஒரே கயிற்றில் வருகின்றன.

1. மேற்கத்திய இடையூறு வராததால் குல்மார்க்கில் மேகம் இல்லை, பனி இல்லை.

2. அதே காரணத்தால் டெல்லியில் காற்றைக் கிளறிவிட, மூடியை உடைக்க, புகையை மழையால் கழுவ எதுவும் வரவில்லை. மூடுபனி நாள் கணக்கில் உட்கார்ந்தது.

ஆக, காஷ்மீரில் பனி இல்லையே என்ற செய்தியும் டெல்லியில் பனி போகவில்லையே என்ற செய்தியும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் ஒரே விடுபட்ட விருந்தாளியின் வேலை. காயல்பட்டினம் இந்தக் கயிற்றில் வராது. அது கிழக்குக் காற்றின், வங்கக் கடலின் கணக்கு. எல் நினோ என்ற ஒரு மெல்லிய நூல் வேண்டுமானால் இரண்டையும் தொடலாம், அந்த ஒரு நாள் மழையையே எல் நினோ தலையில் கட்டுவது அவசரப்படுவதாகும்.

பனி தாமதமானால் யாருக்கு என்ன?

சுற்றுலா வருமானம் போனது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். கண்ணுக்குத் தெரியாதது ஆப்பிள். ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் உறங்க வேண்டும், 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் அதற்குக் கிடைக்க வேண்டும். பகல் வெயில் கூடிப்போனால் மரம் சீக்கிரமே விழித்துப் பூக்கும், அதற்குப் பிறகு வருகிற குளிரில் பூ கருகும். சமவெளியில் கோதுமைக்குக் குளிர் நல்லது, மூடுபனியும் ஓரளவுக்கு ஈரம் தரும். ஆனால் வாரக்கணக்கில் வெயில் இல்லாமல் ஈரம் மட்டும் இருந்தால் உருளைக்கிழங்கில் கருகல் நோய் பரவும், கடுகில் அசுவினிப் பூச்சி ஏறும்.

குல்மார்க்கில் ஜனவரி கடைசியில்தான் பனி விழத் தொடங்கியது, பிப்ரவரியில் நன்றாகவே விழுந்தது. தள்ளிப்போன குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் பிப்ரவரி பின்பாதியில் நடந்தன. பனி வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்டால், சில்லை கலானின் நாற்பது நாளில் விழுகிற பனி இறுகி, உறைந்து, அடுக்கின் மேல் அடுக்காக உட்கார்ந்து, ஜூன் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஜீலம் ஆற்றுக்குத் தண்ணீர் விடும். பிப்ரவரி கடைசியில் விழுகிற பனிக்கு இறுக நேரம் இல்லை, மார்ச் வெயில் பக்கத்திலேயே நிற்கிறது. சீக்கிரம் ஓடிப்போய்விடும். நெல் நாற்று நடுகிற ஜூனில் வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது டிசம்பர் கடைசி வாரத்தில் மேற்கிலிருந்து மேகம் வந்ததா என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது.